அடுக்களையில் அஞ்ஞாதவாசம்

விருந்தோம்பல் தமிழர் இல்வாழ்க்கையின் தலையாய அறங்களுள் ஒன்று. திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வதிகாரத்து 10 குறட்பாக்களையும் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். விருந்தினர் முகம் அங்கே உண்டு. வரவேற்பவர் முகம் உண்டு. திருமகள் உண்டு, வானத்தவர் உண்டு, அனிச்சப் பூவும் உண்டு. அந்த விருந்தைச் சமைத்தவர் முகம் மாத்திரம் இல்லை. வள்ளுவரைக் குறைகூறுவது நம் கருத்தன்று. இல்லறம் என்றபோதே இல்லாளின் அடுப்பும் அதனுள் அடங்கிற்று என்று சமாதானஞ் சொல்லிவிடலாம். ஆயினும், உண்டவரையும் ஊட்டியவரையும் நினைத்த அளவுக்கு அட்டவரை நாம் நினைப்பதில்லை என்பதற்கு இஃது ஓர் அடையாளமாய் நிற்கின்றது.

நம் கதைகளிலே அடுக்களையில் நின்ற பெருவீரர் இருவர். ஒருவன் நளன், மற்றவன் வீமன். சிறந்த சமையலை நளபாகம் என்றும் வீமபாகம் என்றும் இன்றுஞ் சொல்லுகிறோம். வீமன் சமையல்நூல் செய்தான் என்பது பழங்காலந்தொட்டு வழங்கிய செய்தி. நல்லியக்கோடன் மனையிற் கிடைக்கும் உணவு அந்நூல் வழுவாதது என்று சிறுபாணாற்றுப்படை சிறப்பிக்கின்றது. ஆனால், இவ்விருவரும் அடுக்களையில் நின்றது எப்பொழுது? நாடிழந்து, பெயர் மறைத்து, உரு மறைத்து வாழ்ந்த காலத்திலே. நளன் வாகுகனாகி இருதுபன்னனிடம் ஊழியஞ் செய்தான். வீமன் விராடனுடைய மடைப்பள்ளியிலே ஓராண்டு அஞ்ஞாதவாசஞ் செய்தான்.

மறைந்திருப்பதற்குக் காடு போதாதா? போதாது. காட்டிலே ஒற்றர் தேடுவர், மலைக்குகையிலுந் தேடுவர். சோறு வந்த வழியே திரும்பிப் பார்த்து, இதைச் சமைத்தவன் யார் என்று எவருந் தேடார். இந்த உண்மையை அறிந்தே பழைய கதைஞர் தம் வீரரை அங்கே ஒளித்துவைத்தனர் போலும். தமயந்தி ஒருத்தி தேடினாள். உருத்திரிந்த நளனை அவள் ஐயந்தீர அறிந்த அடையாளங்களுள் அவன் சமைத்த உணவின் சுவையும் ஒன்று.

இக்கதைகளை வகுப்பறையிலே சுவைபடச் சொல்லும் நாம், அதே அஞ்ஞாதவாசம் இன்றும் நடைபெறுவதை எண்ணுகிறோமில்லை. உணவுச்சாலைகளின் பின்கதவுக்கு அப்பால் நிற்பவரை இழிவாக நினைக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. அப்பழக்கத்துக்கு ஏடு தொடக்கிவைப்பது நம் பள்ளிக்கூடமே என்பது என் துணிபு.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். அடுதல் என்பது சமைத்தல். அடுப்பு, அடுக்களை, அட்டில், அடிசில் யாவும் அதனோடு உறவுடையன. அடுதலுக்குக் கொல்லுதல், வெல்லுதல் என்ற பொருள்களும் உண்டு; போர்க்களத்துக்கும் அடுகளம் என்று பெயர். மடை என்பது சோறு; தெய்வத்துக்குப் படைக்கும் உணவும் மடையே. மடை வைத்தல் என்ற வழக்கு நம் நாட்டுக் கோயில்களில் இன்றும் உள்ளது. மடையைச் செய்பவன் மடையன். மணிமேகலையிலே, நாடக மகளிர் பயிலவேண்டிய கலைகளுள் மடைநூலும் ஒன்றாக எண்ணப்படுகின்றது. ஆகவே, மடையன் என்பது ஒருகாலத்தில் ஒரு கலைஞன் பெயர். மடமையிற் பிறந்த மடையன் வேறு; மடையிற் பிறந்த மடையன் வேறு. இருவரும் எழுத்தால் ஒருவராயினர். அறிவிலியின் பெயர் நிலைத்தது. சமையற் கலைஞனின் பெயர் அழிந்தது. பறங்கியர் தந்த குசினியும், ஒல்லாந்தர் தந்த கோக்கியும் அவ்விடத்தில் வந்து குடியேறின.

இனி வகுப்பறைக்கு வருவோம். கணக்குத் தவறிய பையனை ஆசிரியர் "மடையா" என்கிறார். கோபம் மிகுந்தால், "நீ கடையிற் கோப்பை கழுவத்தான் போகிறாய்" என்று தீர்ப்பும் வழங்கிவிடுகிறார். முன்னைய வசை எழுத்தொப்புமையால் வந்தது. பின்னையது வேண்டுமென்றே சொல்லப்படுவது. சொல்லுகிற ஆசிரியர் தம் சுற்றத்தை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. 1983 ஆம் ஆண்டின் பின் இந்நாட்டைவிட்டு ஓடிய நம்மவருள் எத்தனையோ பேர் பாரிசிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் முதலிற் பிழைப்புக் கண்ட இடம் உணவுச்சாலையின் அடுக்களையே. பட்டதாரிகளும் அங்கே நின்றனர், ஆசிரியராயிருந்தவரும் நின்றனர். இங்கே கட்டப்பட்ட வீடுகளும், நடந்த திருமணங்களும், ஏன், திருப்பணி கண்ட கோயில்களும் அந்தக் கோப்பைகளோடு தொடர்புடையன. வசையாக நாம் வழங்கும் தொழில் நம்மிற் பலருக்குச் சோறிட்ட தொழில்.

அத்தொழில் எத்தகையது என்பதை, பாரிசில் 20 ஆண்டுக்கு மேலாக வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தபோது எனக்கு விரித்துரைத்தார். அவர் சென்ற புதிதில் வேலை செய்த உணவுச்சாலையில் மேலே 80 பேர் இருந்து உண்ணலாம். அடுக்களை நிலத்தின் கீழே. ஒரு சிறு தூக்குப்பெட்டியில் எச்சிற் கோப்பைகள் இறங்கும். சமைத்த உணவு ஏறும். சன்னலில்லை. மேலே இசை, கீழே இரைச்சல். காலை 10 மணிக்குத் தொடங்கிய வேலை பிற்பகல் 3 மணிக்கு ஓயும். மீண்டும் 6 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு கடக்கும்.

அவர் மறக்கமுடியாத நாள் ஒரு சனிக்கிழமை. கோப்பை கழுவ இருவர் வேண்டும், மற்றவர் வரவில்லை. இரவு 8 மணிக்குச் சுவரிலிருந்த இயந்திரம் கட்டளைத் துண்டுகளைக் கக்கத் தொடங்கிற்று. தலைமைச் சமையற்காரர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பெருங்குரலில் வாசிப்பார். எல்லாரும் ஒருங்கே "ஆம்" என்று விடை கொடுத்தல் வேண்டும். ஒரு மேசையில் நால்வர். நால்வருக்கும் நான்கு வகை உணவு. மீனுக்கு ஒரு நேரம். இறைச்சிக்கு வேறொரு நேரம். கிழங்குக்கு இன்னொரு நேரம். ஆனால் நான்கும் ஒரே கணத்தில் மேலே ஏறவேண்டும். ஒன்று முந்தினால் அது ஆறும். ஒன்று பிந்தினால் மற்றை மூன்றும் ஆறும். ஆதலால் நீண்டநேரம் வேண்டுவதை முதலிலும், குறுகியநேரம் வேண்டுவதைக் கடைசியிலும் அடுப்பேற்றிப் பின்னோக்கி எண்ணிக்கொண்டு நிற்பர். ஒரு மேசைக்கு இப்படி. 20 மேசைக்கும் ஒரே வேளையில் இப்படி.

ஒன்பது மணியளவிற் கழுவும் இயந்திரத்தின் நீர்வழி அடைத்துக்கொண்டது. அழுக்குநீர் தரையிற் பரந்தது. அதிலே கால் வழுக்கிய ஒருவர் எண்ணெய்ச் சட்டியைத் தட்டிவிட்டார். சிந்திய எண்ணெயின்மேல் உப்பை அள்ளி எறிந்துவிட்டு மற்றொரு சட்டியை ஏற்றினார்கள், துடைப்பதற்கு நேரமில்லை. அவ்வேளையில் முன்னறிவிப்பின்றிச் சுற்றுலாப் பயணிகள் ஒரு பேருந்து நிறைய வந்து இறங்கினார்கள். "கோப்பை! கோப்பை!" என்ற கூச்சல் எட்டுத் திக்கிலுமிருந்து எழுந்தது. என் மாணாக்கர் தொட்டியிற் கையை விட்டுக் கழுவத் தொடங்கினார். நுரையின் கீழே உடைந்த கண்ணாடிக் குவளை ஒன்று கிடந்தது. கை வெட்டுண்டது. துணியைச் சுற்றி, அதன்மேல் இறப்பர் உறையை மாட்டிக்கொண்டு மேலுங் கழுவினார். இடையில் ஓர் உணவு மேலிருந்து தீண்டப்படாமலே திரும்பி வந்தது, ஆறிவிட்டதாம். தலைமைச் சமையற்காரர் அதைக் குப்பையிற் கொட்டிவிட்டு, ஒரு சொல்லும் பேசாது அடுப்பைத் திரும்பவும் மூட்டினார்.

எல்லாம் ஓய்ந்து, தரை கழுவி வெளியேறியபோது கடைசிப் புகைவண்டியும் போய்விட்டது. நடந்தார். நடக்கும்போது தாயாரை அழைத்தார். அங்கே நள்ளிரவு கடந்து ஒரு மணி, இங்கே விடியற்காலை. தாய் எழுந்து முற்றங் கூட்டும் நேரம்.

"தம்பி, சாப்பிட்டியே?"

"ஓம், அம்மா."

அன்று அவர் உண்டது, தொட்டியருகே நின்றபடி விழுங்கிய ஒரு துண்டுப் பாண். நூற்றுக்கணக்கானோர் உண்ட மனையில் உண்ணாதவர் அவர் ஒருவராகவே இருந்திருக்கலாம். என்ன வேலை செய்கிறாய் என்று தாய் கேட்கும்போதெல்லாம், "உணவுச்சாலையில்" என்ற அளவோடு நிறுத்திக்கொள்வாராம். கோப்பை கழுவுகிறேன் என்று சொல்ல நா எழவில்லை. ஏன் எழவில்லை? அச்சொல்லை அவர் முதலிற் கேட்டது பாரிசில் அன்று. யாழ்ப்பாணத்து வகுப்பறையில், வசையாக.

"ஐயா, அட்டாவதானம் என்று படிப்பித்தீர்களே, அதை அங்கேதான் கண்டேன்" என்று அவர் சொன்னார். அச்சொல் என்னை வெகுநேரம் சிந்திக்கவைத்தது. அவதானி ஒரே வேளையில் வெண்பாவுக்கு ஈற்றடி சொல்லுவார், கணக்கை விடுவிப்பார், முதுகில் விழும் நெற்களை எண்ணுவார், மணியோசையையும் மறவார். நம் நாட்டிற் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளையைச் சதாவதானி என்று தமிழுலகம் கொண்டாடிற்று. கொண்டாடத்தக்கதே. ஆனால், நான்கு அடுப்பின் தீயையும், 20 மேசையின் நேரத்தையும், பின்னாற் கொதிநீரோடு வருபவரின் காலடியையும் ஒருங்கே உள்ளத்தில் வைத்திருப்பவரை நாம் அவதானி என்பதில்லை. அவதானம் பிழைத்தால் அவைக்கு ஒரு சிரிப்பு. இங்கே பிழைத்தால் கை வேகும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அடுக்களை ஒரே குழப்பம். உள்ளே நிற்பவருக்கோ அது கணக்கு. அந்தக் கணக்கு, ஒருவர் வராதொழிந்தாலும் ஒரு குழாய் அடைத்தாலும் உடைந்துவிடும் அளவுக்கு இறுக்கிப் போடப்பட்டிருக்கிறது. அதனாலேயே குழப்பம் வருகிறது. மடையர்தம் மடமையால் வருவதன்று.

பலர் கூடிச் சமைக்கும் பரபரப்பைத் தமிழிலே விரிவாகக் காட்டும் இடம் கலிங்கத்துப்பரணியிற் கூழ் அடும் பகுதி. பானை தேடுவாரும், தீ மூட்டுவாரும், துழாவுவாரும், பந்தி பார்த்துப் படைப்பாருமாகக் களமே அடுக்களையாகின்றது. செயங்கொண்டார் அதை நகைச்சுவை ததும்பப் பாடினார். ஆனால் அங்கே சமைப்பவர் மக்கள் அல்லர், பேய்கள்! புறநானூற்றிலே கபிலர் சொல்வது இன்னும் சுவையானது. கபிலரின் கை மென்மையாயிருப்பதேன் என்று சேரமான் செல்வக் கடுங்கோ வாழியாதன் வினவ, உன்னைப் பாடுவோர் உண்பதன்றி வேறு தொழிலறியார், அதனால் அவர் கை மெல்லிது என்று விடை சொன்னார். புலவர் நேர்மையாளர், உள்ளதைச் சொன்னார். எழுதுகோல் பிடிக்கும் நாமெல்லாம் அந்த மெல்லிய கையின் வழிவந்தவர்களே. வன்மையான கை எங்கிருக்கிறது என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

அமுதசுரபியின் கதையும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் எழுந்த அப்பாத்திரம் எடுக்க எடுக்கக் குறையாதது. அந்த மணிபல்லவத்தை நம் நயினாதீவென்று கொள்வாரும் உளர். மணிமேகலை அதனால் எத்தனையோ பேரின் பசியைப் போக்கினாள். பசிப்பிணி தீர்த்தலை உயிர் கொடுத்தலாகக் கண்ட காப்பியம் அது. எனினும் ஒன்றைக் கவனிக்க: அப்பாத்திரத்துக்கு அடுப்பில்லை, விறகில்லை, புகையில்லை, புகையிற் கண் கலங்குபவரும் இல்லை. துறவியின் கைக்கு அது தகும். உணவுச்சாலையில் இலைமுன் இருப்பவரோ தமக்கும் அத்தகைய பாத்திரமே வாய்த்திருப்பதாக நினைத்துவிடுகிறார். தோசை ஐந்து நிமிடம் பிந்தினால் முகங் கறுக்கிறார், மேசையைத் தட்டுகிறார். அந்தத் தட்டல் உள்ளே கூச்சலாகிறது, கூச்சல் ஓட்டமாகிறது, ஓட்டம் சூட்டுக் காயமாகிறது. அடுக்களையின் அமளிக்கு முதல் விறகு இடுபவர் உண்பவரே.

இந்த அமளி விதியன்று என்பதற்கும் சான்றுண்டு. பிரெஞ்சுத் தேயத்து எஸ்கோஃபியே என்பார் 1890 ஆம் ஆண்டில் இலண்டன் சவோய் விடுதியின் அடுக்களைப் பொறுப்பை ஏற்றவர். அவர் படையிற் பணியாற்றியவர். வேலையைப் பகுதி பகுதியாக வகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கினார். கூச்சலையும் வசையையும் குடியையும் விலக்கினார். வெப்பத்தில் நிற்போர்க்கு மதுவுக்கு மாறாக வாற்கோதுமை நீர் வைத்தார். 1903 இல் வெளிவந்த அவர் நூல் இன்றும் தொழில்நூலாய் நிற்கிறது. அவர் வகுத்த முறை உலகெங்கும் பரவியது. அவர் வேண்டிய பண்பு அதே வேகத்திற் பரவவில்லை. 1933 இல் ஜோர்ஜ் ஓர்வெல் பாரிசிலும் இலண்டனிலும் தாம் பட்ட வறுமையை நூலாக்கியபோது, பாரிஸ் விடுதியொன்றிற் கோப்பை கழுவிய நாட்களையும் எழுதினார். ஒரு கதவுக்கு இப்பால் அழுக்கும் வசையும், அப்பால் வெண்துணியும் பணிவும் இருந்ததை அவர் காட்டினார். கோப்பை கழுவுவோன் இக்காலத்து அடிமை என்பது அவர் முடிபு. என் மாணாக்கர் அந்நூலைப் படித்தவரல்லர். ஆயினும் இருவர் சொன்னதும் ஒன்றாயிருந்தது. இடையிற் கழிந்தவை ஏறக்குறைய 70 ஆண்டுகள்.

"காசு கொடுக்கிறோமே, இதற்கு மேலும் என்ன கடன்?" என்று கேட்பார் உளர். காசு முதலாளியின் பெட்டியில் விழுகிறது. அதில் எத்துணை அடுப்படிக்குப் போய்ச் சேருகிறது என்பதை உண்பவர் கேட்பதில்லை. பாரிசை விடுவோம். நம் நாட்டிலே கடை, காரியாலய ஊழியருக்கான 1954 ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று வேலைநேரத்துக்கு எல்லை வகுத்தது. வேலைக்கு அமர்த்தக்கூடிய மிகக் குறைந்த வயது 2021 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. நன்று. ஆனால், சட்டம் முன்வாசலால் வரும், அடுக்களைக்குப் பின்வாசல். விடியுமுன் மா அரைக்கத் தொடங்கி, இரவு கடைசிக் கோப்பையைக் கவிழ்த்து வைக்கும்வரை ஒருவரே நின்றால், அவருடைய 8 மணி எங்கே போயிற்று என்று யார் எண்ணுவார்? 2022 இல் எரிவாயு கிடையாமற் பல உணவுச்சாலைகள் மூடப்பட்டபோது, சாப்பாடு இல்லையே என்று நாம் வருந்தினோம். அங்கே வேலை செய்தோர் அன்று எதை உண்டனர் என்று கேட்டவர் சிலரே.

ஆசிரியராகிய நாம் சட்டத்தை நடத்துபவரல்லோம். நம் கையில் உள்ளவை சொல்லும் பாடமுமே. அவற்றால் ஆவது சிறிதன்று. "மடையா" என்ற விளியையும், "கோப்பை கழுவப் போகிறாய்" என்ற தீர்ப்பையும் வகுப்பறையிலிருந்து நீக்குவோம். அத்தீர்ப்பைக் கேட்கும் பிள்ளைகளுள், தந்தை அவ்வேளையில் ஏதோவொரு நாட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருக்கும் பிள்ளையும் ஒன்றிருக்கலாம். அப்பிள்ளை தலைகுனிவதற்கு நாம் காரணராதல் தகாது. புலம்பெயர்ந்த நம் எழுத்தாளர் இந்த அடுக்களைகளைப் பற்றிச் சிறுகதைகள் எழுதியிருக்கின்றனர். அவற்றை உயர்வகுப்பு மாணாக்கருக்குப் படிக்கக் கொடுப்போம். விராடபருவத்தைக் கற்பிக்கும்போது, கீசகனை வதைத்த தோள் பகலெல்லாம் விறகு பிளந்த தோள் என்பதையும் சேர்த்துச் சொல்லுவோம்.

குறுந்தொகையிற் கூடலூர் கிழார் பாட்டு ஒன்றுண்டு. புதுமணப்பெண் ஒருத்தி தயிர் பிசைந்த விரலை உடையிலே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் நிறையத் தானே துழாவிச் சமைக்கிறாள். கணவன் உண்டு, இனிது என்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. நம் பேரிலக்கியத்தில் சமைத்தவர் முகம் தெளிவாகத் தெரியும் இடம் இது. அதைத் தெரியவைத்தது ஒரேயொரு சொல். உணவுச்சாலையில் அச்சொல் அடுப்படிவரை சென்று சேர்வதில்லை. குறை மாத்திரமே சென்று சேர்கிறது. உண்டு எழுந்தபின் கை கழுவப் போகும் வழியில் உட்கதவு திறந்தேயிருக்கும். அங்கே நின்று அச்சொல்லைச் சொல்லிவிட்டு வாருங்கள். வீமனுக்கு விதித்த அஞ்ஞாதவாசம் ஓராண்டு. இவர்களுக்கு அதை ஆயுள்முழுவதும் விதிக்கும் உரிமை நமக்கில்லை.